வெந்நீரும் புளியும்

1962. எனக்குப் பத்து வயது. பாட்டியின் அண்ணன் சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். அங்கிருந்து அவர் வருஷக்கணக்காக எழுதிய கடுதாசிகள் ஒரு தகரப் பெட்டி நிறையப் பரணில் கிடந்தன. பள்ளிக்கூடத்தில் பையன்கள் எல்லோரும் ஸ்டாம்பு சேர்த்த காலம் அது. கத்தரிக்கோலோடு பரண் ஏறினேன். ஒவ்வொரு உறையின் மூலையையும் வெட்டினேன். அண்டாவில் மிஞ்சிய வெந்நீரில் ஊறப்போட்டு உரித்தேன். செய்தித்தாளில் காயவைத்து, சோற்றுப் பசை தடவி, கோடு போடாத நோட்டில் ஒட்டினேன். மூலை போன உறைகளைப் பார்த்த பாட்டி, "வீடு பூரா ஏன்டா குப்பையைப் பரப்பி வச்சிருக்க?" என்று அள்ளிக்கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார்.

அந்த ஸ்டாம்புகள் இருநூற்றுச் சொச்சம் இன்னும் என்னிடம் உண்டு. மொத்தமாக விற்றால் இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடலாம். அடுப்பில் போனவற்றின் கணக்கு வேறு. சைகோனில் விழுந்த முத்திரை, காரைக்கால் வந்து சேர்ந்த நாளின் முத்திரை, தாத்தாவின் கையெழுத்தில் எங்கள் வீட்டு விலாசம், மேலே ஒட்டிய இந்தோசீனா தபால்தலை எல்லாம் ஒன்றாக இருக்கிற ஒரு உறைக்கு இன்று ஆயிரக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது. நானே கொடுத்து வாங்கியிருக்கிறேன். நான் வெட்டிய வகை உறையையே, வேறு யார் வீட்டிலோ வெட்டாமல் விட்டதை.

இந்தத் தொழிலில் ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. பழைய தபால்தலை, உறை, நாணயம், மெடல், கையெழுத்திட்ட படம், பத்திரம் என்று வாங்கி விற்கிறேன். திருமலைராயன்பட்டினத்தில் என் வீட்டுத் திண்ணைதான் கடை. போர்டு கிடையாது. யாரிடம் கேட்டாலும் "பழசு வாங்குறவர் வீடா?" என்று கைகாட்டுவார்கள்.

தொழிலுக்கு வந்தது கண்ணாடிச் சட்டம் போடுகிற கடை வழியாக. 1970ல் காரைக்காலில் ஒரு பிரேம் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊரில் எதையெல்லாம் மதிப்பாக நினைக்கிறார்களோ அதெல்லாம் சட்டம் போட வரும். கல்யாணப் படம், காலேஜ் சர்ட்டிபிகேட், சொல்தா தாத்தாவின் மெடல், கவர்னர் கையெழுத்துப் போட்ட பாராட்டுப் பத்திரம், மதாம் ஒருத்தி கையெழுத்திட்டுக் கொடுத்த போட்டோ. (சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இங்கே அதற்கு வேறு சொல் கிடையாது.) எங்கள் முதலாளி கையில் எப்போதும் ஒரு பிளேடு. கண்ணாடி எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவுக்குக் காகிதத்தை வெட்டுவார். கண்ணாடி விலை அதிகம், காகிதம் சும்மா வந்தது. அப்படி வெட்டுப்பட்ட ஓரத்தோடு எத்தனை கையெழுத்துகள் போயின என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. ஓரத்தில்தானே கையெழுத்துப் போடுவார்கள்.

மிஞ்சிய துண்டுகளைக் கூட்டித் தள்ளுவது என் வேலை. ஒருநாள் அந்தக் குப்பையில் ஒரு ஸ்டாம்பு கிடந்தது. படத்தில் கோயில் சிலை, மேலே பிரெஞ்சு எழுத்து, விலை இருந்த இடத்தில் 'காஷ்' என்று போட்டிருந்தது. பிரெஞ்சுக்காரர் ஸ்டாம்பில் காசா? பழைய ஆட்கள் இரண்டு பேரிடம் கேட்டு விளங்கிக்கொண்டேன். 1892ல் பிரெஞ்சிந்தியாவுக்கென்று தனித் தபால்தலை வந்தபோது விலை சாந்தீமிலும் பிராங்கிலும் இருந்தது. ஊரில் புழங்கியதோ ரூபாய். அதனால் 1923ல் பழைய தபால்தலைகள் மேலேயே காசு, பணம், ரூபாய் என்று மறு அச்சு அடித்தார்கள். 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். பிரெஞ்சு எழுத்தில் காஷ், ஃபனோன், ரூப்பி. பாரீஸ் சர்க்கார் எங்கள் பாட்டியின் கணக்குக்கு வந்து சேர்ந்த கதை அது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

பைத்தியம் பிடித்தால் மூர் மார்க்கெட் போகத்தான் வேண்டும். 1985ல் அது எரிந்துபோகும் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ரயிலேறி மெட்ராஸ் போய்விடுவேன். அங்கே பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவில் ஸ்டாம்பும் காசும் விற்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கேட்டலாக்கைக் கரைத்துக் குடித்தவர்கள். என்னைப் போன்ற டெல்டாப் பையன் அவர்களை ஏமாற்றவே முடியாது. ஆனால் ஒரு தடவை முடிந்தது. அதற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் இல்லை, நான் பிறந்த ஊர்.

ஒருவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் 'ஊர் தெரியாத உறைகள்' என்று சல்லிசாகப் போட்டிருந்தார். கிளறினேன். கப்பலில் வந்த கடுதாசி ஒன்று. விலாசத்தில் 'கிராந்த் அல்தே, இந்தே பிரான்சேஸ்'. அவர் அதை ஆப்பிரிக்கா பக்கம் ஏதோ ஊர் என்று நினைத்திருந்தார். காரைக்காலுக்குள்ளே இருந்த பிரெஞ்சுக் கொம்யூன்களில் எங்கள் ஊருக்குத்தான் கிராந்த் அல்தே என்று பேர். பெரிய கிராமம் என்று அர்த்தம். எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் அப்படித்தான் இருக்கும். டப்பாவில் அதே விலாசத்தோடு நான்கு உறைகள் கிடைத்தன. நான்குக்கும் சேர்த்து எட்டு ரூபாய் கொடுத்தேன். கை நடுங்காமல் காசு எண்ணுவதற்குப் பெரும்பாடு பட்டேன். கேட்டலாக்கில் ஸ்டாம்பின் விலை இருக்கும், ஊரின் விலை இருக்காது. அந்த நான்கில் மூன்றை இன்னும் விற்கவில்லை.

அப்புறம் நான் ஏமாந்த கதை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்ததும், 1940 செப்டம்பரில் புதுச்சேரி கவர்னர் போன்வேன், ஜெனரல் தெகோல் பக்கம் சேர்ந்தார். மறு வருஷத்திலிருந்து கையிருப்பில் இருந்த தபால்தலைகளின் மேல் 'ஃப்ரான்ஸ் லீப்ர்', அதாவது சுதந்திரப் பிரான்ஸ், என்று முத்திரை அச்சு அடித்தார்கள். பிரெஞ்சிந்தியா சேகரிப்பவர்களுக்கு அதுதான் பெரிய ஆசை. சாதாரண ஸ்டாம்பு சில்லறைக் காசு. மேலே அந்த இரண்டு வார்த்தை விழுந்தால் பல மடங்கு. இரண்டு வார்த்தை அச்சடிக்க ஒரு கைப் பிரஸ் போதாதா? அடித்துவிட்டார்கள். உலகம் பூரா அடித்தார்கள். அதற்கெல்லாம் முன்பே ஜெனீவாவில் ஃபூர்னியே என்று ஒருவர் பிரெஞ்சுக் காலனி ஸ்டாம்புகளின் போலி மறு அச்சைப் பகிரங்கமாக விலைப்பட்டியல் போட்டே விற்றவர். அவருக்குப் பின் வந்தவர்கள் பட்டியல் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1978ல் ஒரு ஆல்பம் என்னிடம் வந்தது. பதினாறு ஃப்ரான்ஸ் லீப்ர். எல்லாம் முத்திரை குத்திப் புழங்கியவை. என் ஆறு மாதச் சம்பளம் போயிற்று. ஒரு வாரம் தூங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டாம் நாள் பகலில், கிணற்றடி வெளிச்சத்தில், பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தபாலாபீஸ் முத்திரையின் வளையம் ஒரு இடத்தில் அந்த அச்செழுத்துக்குக் கீழே போகிறது. மேலே போகவில்லை. அப்படியென்றால் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அச்சு விழுந்திருக்கிறது. இன்னொன்றில் முத்திரைத் தேதி தெளிவாகவே இருந்தது, 1938. பிரான்ஸ் சண்டைக்கே போகாத வருஷம். பதினாறில் பதினொன்று போலி. மீதி ஐந்து நல்லது என்று இன்றைக்கும் சத்தியம் செய்ய மாட்டேன்.

விற்றவரிடம் போய்ச் சண்டை போட்டேனா என்று கேட்பார்கள். போடவில்லை. அவரும் நம்பித்தான் வாங்கியிருக்கிறார். அந்தப் பதினொன்றையும் வைத்திருக்கிறேன். பாடம் கேட்டு வருகிற பையன்களிடம் முதலில் கொடுப்பது அதைத்தான். "எது கீழே, எது மேலே, பார்த்துச் சொல்லு" என்பேன். கண் பழகுகிறதுக்கு நல்ல சரக்கைவிடக் கள்ளச் சரக்கு உபயோகம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கரையைப் போல ஒரு கரை கிடையாது. வடக்கே தரங்கம்பாடி, 1620லிருந்து டேனிஷ்காரர்கள். தெற்கே நாகப்பட்டினம், 1658லிருந்து 1781 வரை டச்சுக்காரர்கள். நடுவே 1739லிருந்து பிரெஞ்சுக்காரர்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்னால் போட்ட சோழர் காசு வயலில் கிடக்கும். சைக்கிளில் ஒரு நாள் சுற்றினால் நாலு ராஜ்யத்துச் செம்பைப் பார்க்கலாம். நாகப்பட்டினத்து டச்சுத் துட்டில் ஒரு பக்கம் அம்மன் உருவம், மறு பக்கம் தமிழில் நாகபட்டணம். பிரெஞ்சுச் செம்புக் காசில் தமிழில் புதுச்சேரி என்று இருக்கும், காரைக்கால் பேர் போட்டதும் உண்டு. வந்தவன் எவனானாலும் சந்தையில் செல்லவேண்டுமானால் தமிழில் போட்டாக வேண்டும். காளமேகம் அறம் பாடி மண்மாரி பெய்யவைத்த ஊர் என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். அந்த மண்ணுக்குள்ளிருந்து மழைக்காலம் தோறும் ஒன்றிரண்டு காசு மேலே வந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் அது என் திண்ணைக்கு வருவதற்குள் புளி போட்டுவிடுவார்கள்.

எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பழைய செம்பின் மேல் கருஞ்சாந்து மாதிரி ஒரு தோல் கட்டியிருக்கும். இருநூறு வருஷம் மண்ணும் காற்றும் கொடுத்த தோல். காசு பார்க்கிறவன் முதலில் பார்ப்பது அதைத்தான். நம் வீட்டுப் பெண்களுக்கு அது களிம்பு. குத்துவிளக்கைத் துலக்குகிற கையோடு புளியும் சாம்பலும் வைத்து ஒரு தேய். பளபளவென்று பொன் மாதிரி மின்னும். எழுத்து பாதி போயிருக்கும், விலை முக்கால் போயிருக்கும். "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன் பாருங்கண்ணே" என்று நீட்டும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாது.

வெள்ளிக்கு நேர்ந்தது அதைவிட மோசம். 1837ல் புதுச்சேரியில் அடித்த வெள்ளிப் பணத்தில் ஒரு சேவல் இருக்கும், பிரெஞ்சுக்காரரின் சேவல். நாங்கள் சேவல் காசு என்போம். சின்னஞ்சிறு காசு, பார்க்க அவ்வளவு அழகு. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியது பாருங்கள், அமெரிக்காவில் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததால் அவுன்ஸ் 50 டாலரைத் தொடப்போயிற்று. டெக்சாஸ் பணக்காரர்கள் செய்த வேலைக்கு நாகூரில் உலை எரிந்தது. பெட்டியடியில் கிடந்த பழைய வெள்ளி எல்லாம் பட்டறைக்கு வந்தது. தெரிந்த ஆசாரி ஒருவர் ஆள் அனுப்பினார். நான் போவதற்குள் ஒரு கைப்பிடி மூசையில் இறங்கிவிட்டது. தராசுத் தட்டில் மிச்சம் ஒன்பது இருந்தது. வெள்ளி விலைக்கு மேல் பாதி சேர்த்துக் கேட்டேன். ஆசாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, வெள்ளி வெள்ளிதான். சேவல் கூவுமா?" என்றார். ஒன்பதையும் வாங்கினேன். அடுத்த சில மாதத்தில் வெள்ளி விலை விழுந்தது. சேவலின் விலை விழவில்லை.

சொல்தா வீடுகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1962 ஆகஸ்டில் பிரெஞ்சிந்தியா சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்று இருந்தது. எழுதிக்கொடுத்த வீடுகளில் பாங்சியோன், அதாவது பென்ஷன், வந்தது, பிள்ளைகள் பாரீஸ் போனார்கள், இங்கே பூட்டிய வீடும் அதில் ஒரு பாட்டியும் மிஞ்சினார்கள். ஜூலை 14, பிரெஞ்சுத் தேசிய தினத்துக்கு மெடல் குத்திக்கொண்டு போகிற பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். குறையக் குறைய எனக்குச் சரக்கு வந்தது. நினைத்தால் என்னவோ போல இருக்கும் தொழில்தான்.

1983ல் ஒரு விதவைப் பாட்டி கிருவா தெ கேர் என்ற போர்ச் சிலுவை மெடல் ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் யுத்தத்தில் அவருடைய மாமனாருக்குக் கொடுத்தது. கூடவே துணி அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகமும் இரண்டு தாள்களும். "இதுவும் வேணுமாப்பா?" என்றார். எனக்கு அப்போது மெடல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அறுபது ரூபாய் கொடுத்து மெடலை வாங்கிக்கொண்டு, "தாள் வேண்டாம் ஆயா, வீட்ல வச்சுக்குங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ஒரு வருஷம் கழித்துப் பிரான்சிலிருந்து வந்த ஒரு மெடல் பிரியர் என் கடையில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். கீழே வைத்துவிட்டார். அந்த மெடலில் பேர் பொறிப்பது கிடையாது. 1915லிருந்து லட்சக்கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். யாருடையது என்று தெரியாத வரைக்கும் அது ஒரு வெண்கலத் துண்டு. "இவருடைய பட்டாளப் புத்தகம் இருந்தால் நீங்கள் கேட்கிற விலையைப் போல பத்து மடங்கு தருவேன்" என்றார். ஒரு காரைக்கால் ஆள் பிரெஞ்சு ராணுவத்தில் எந்த ரெஜிமெண்டில், எந்த ஊர் சண்டையில் என்று அந்தத் துணி அட்டைப் புத்தகத்தில்தான் இருந்தது.

மறுநாள் காலை பாட்டி வீட்டுக்கு ஓடினேன். அவர் போய்ச் சேர்ந்து நான்கு மாதம். தாள்களைப் பற்றிக் கேட்டேன். மருமகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டோமே" என்றாள். அறுபது ரூபாய்க்கு நான் ஏமாற்றினேனா, ஏமாந்தேனா என்று எனக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யார் எதைக் கொண்டுவந்தாலும் அதோடு கிடந்த குப்பை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்வேன். எனக்குத் தெரிந்த விலையில் பாதியை முதலிலேயே சொல்லிவிடுவேன், மீதிப் பாதிதான் என் பிழைப்பும் நஷ்டமும் என்பதையும் சேர்த்து. வாங்குகிறவன் முதலில் விலை சொல்லக்கூடாது என்பார்கள் இந்தத் தொழிலில். சொன்னதால் போன வியாபாரம் உண்டு. ஆனால் மாசி மகத்துக்கு திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரி எழுந்தருளும்போது ஊருக்கு வருகிற குடும்பங்கள், பெருமாளைச் சேவித்த கையோடு என் திண்ணையையும் எட்டிப் பார்ப்பது அதனால்தான்.

கையெழுத்துகள் என்றால் எனக்குப் பயம். காசையும் ஸ்டாம்பையும் சர்க்கார் அடிக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க ஆயிரம் இருக்கும். கையெழுத்து ஒருவர் மனநிலைக்குத் தக்கபடி மாறுகிறது. 1934 பிப்ரவரியில் காந்தி ஹரிஜன யாத்திரையில் காரைக்கால் வந்துபோனார். அவர் கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கி ஹரிஜன நிதியில் சேர்ப்பார் என்பது ஊரறிந்தது. ஆகவே எங்கள் பக்கம் ஏதாவது ஒரு வீட்டில் அசல் இருக்கத்தான் வேண்டும் என்ற நம்பிக்கை எனக்கு ரொம்ப நாள் உண்டு. மூன்று பேர் கொண்டுவந்திருக்கிறார்கள். மூன்றிலும் 'மோ.க.காந்தி' என்று தமிழில் இருந்தது. அவர் தமிழில் கையெழுத்திட்டது உண்மை, ஆனால் அது ஆயிரம் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. முதல் இரண்டும் லென்ஸ் வைத்ததுமே புள்ளி புள்ளியாக அச்சு மை. பேனா மை என்றால் காகிதத்தின் நாரில் ஓடியிருக்கும், எழுத்து திரும்புகிற இடத்தில் தேங்கியிருக்கும். மூன்றாவதில் உண்மையான மை ஓடியிருந்தது. மனசு அடித்துக்கொண்டது. அல்ட்ரா வயலட் விளக்கின் கீழே வைத்தேன். காகிதம் சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி நீலமாக மின்னியது. அப்படி மின்னுகிற வெளுப்பு மருந்தைக் காகிதத்தில் கலக்க ஆரம்பித்தது காந்தி போனதற்கு அப்புறம். கொண்டுவந்தவர் நல்ல மனிதர். அவர் அப்பா வாங்கியது என்று சிறுவயதிலிருந்து நம்பியிருக்கிறார். என்ன சொல்வது? "இதுக்கு நான் விலை சொல்ல முடியாதுங்க" என்றேன். அவர் அதை விலைமதிப்பில்லாதது என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார். திருத்தவில்லை.

சினிமாக்காரர்கள் கையெழுத்திட்ட படங்களும் வரும். ரசிகர்கள் கடிதம் போட்டால் பதிலுக்கு வந்த படங்களில் பெரும்பாலும் கையெழுத்தும் சேர்த்தே அச்சாகியிருக்கும். அதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். தலைவரே தன் கைப்பட அனுப்பியது என்று அம்மா அறுபது வருஷமாகச் சொல்லிவந்திருப்பார்கள்.

2004 டிசம்பர் 26. பட்டினச்சேரிப் பக்கம் கடல் உள்ளே வந்தது. போன உயிர்களுக்கு முன்னால் காகிதத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, கடற்கரை அருகே குடியிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒரு சாக்குமூட்டையோடு வந்தார். நாற்பது வருஷ ஆல்பங்கள். உப்புத் தண்ணீரும் சேறும் ஏறி செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தன. "வெயிலில் போடட்டுமா?" என்றார். போட்டிருந்தால் பாளம் பாளமாக ஒட்டியிருக்கும். வாழ்நாள் முழுக்க 'தண்ணியில போடாதே' என்று கத்திய நான், அன்றைக்கு ஆல்பத்தைத் தண்ணீரில் போட்டேன். வெந்நீர் இல்லை, நல்ல தண்ணீர். உப்பு போனால்தான் காகிதம் பிழைக்கும். பன்னிரண்டு நாள் இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்து மையொற்றுத் தாளுக்கு நடுவில் வைத்தோம். புதுசாக, பசையோடு வைத்திருந்த ஸ்டாம்புகளில் பசை போயிற்று, அவற்றின் விலையும் போயிற்று. மீதி பிழைத்தது. வாத்தியார் அந்தப் பன்னிரண்டு நாளும் ஸ்டாம்பைப் பற்றி மட்டும்தான் பேசினார். அவர் வீட்டில் வேறு என்ன போனது என்று எனக்குத் தெரியும்.

இப்போது சந்தை கைபேசிக்குள் வந்துவிட்டது. நல்லதும் நடந்தது. பிரான்சில் இருக்கிற சேகரிப்பாளர் என் உறையின் படத்தை ராத்திரி பார்த்துக் காலையில் பதில் சொல்கிறார். ஆனால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயத்தை நாட்டைவிட்டு அனுப்பக்கூடாது, 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் அது. கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கெட்டதும் நடந்தது. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சம், 786 எண் நோட்டுக்கு லட்சம் என்று செய்தி சுற்றுகிறது. பக்கத்திலேயே நாகூர் தர்கா, 786க்கு இங்கே தனி மரியாதை. 'ரிசர்வ் வங்கியே வாங்குகிறது, கமிஷன் கட்டு' என்று பணம் பிடுங்குகிறார்கள். அப்படி எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவிப்பே விட்டது. அதைக் காட்டிய பிறகும் ஒரு பையன், "இல்ல சார், எனக்கு லெட்டர் வந்திருக்கு" என்றான். கிழக்கிந்தியக் கம்பெனி 1818ல் போட்ட ராமர் பட்டாபிஷேகக் காசு என்று மாதம் ஒருவராவது வருகிறார். கம்பெனி ராமர் காசு அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கிறது என்கிறார்கள். காந்தம் இழுத்தால் அரிசியும் வரும், உள்ளே இரும்புத்தூள் வைத்திருந்தால்.

அமெரிக்காவில் வேலை பார்க்கிற உறவுக்காரப் பையன் ஒருநாள் ஒரு படம் அனுப்பினான். பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவர் படம் போட்ட அட்டை, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. 1909க்கும் 1911க்கும் நடுவில் சிகரெட் பாக்கெட்டுக்குள் சும்மா போட்டுக் கொடுத்தது. ஹோனஸ் வாக்னர் என்று பேர். 2022ல் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போயிற்றாம். அதே வருஷம் ஆகஸ்டில் மிக்கி மேன்டில் என்பவருடைய 1952ஆம் வருஷத்து அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலர். அந்த அட்டைகளில் விற்காமல் மிஞ்சியதை அச்சிட்ட கம்பெனியே படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக அதன் ஆளே சொல்லியிருக்கிறார். படித்ததும் என் பாட்டி ஞாபகம் வந்தது. நாங்களும் சார்மினார், பாசிங் ஷோ அட்டைகளைக் கிழித்துச் சீட்டாகப் பந்தயம் கட்டி ஆடினோம். மூலை மடங்காத ஒன்று இன்று என்னிடம் இல்லை.

அங்கே அட்டைக்கு ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து முத்திரையிட்டுத் தருகிறார்கள். காசுக்கு எழுபது வரை. நம் ஊர் நாணயங்களும் அந்தப் பெட்டியில் வர ஆரம்பித்துவிட்டன. சண்டை குறைந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டிக்குள் இருக்கிற காசை விரலில் எடுத்து ஓரத்தைத் தடவ முடியாது. எண்ணைப் பார்த்து வாங்குகிற பையன் ஒருவனிடம், "இதுல என்ன எழுதியிருக்கு?" என்றேன். "அறுபத்தி மூணு" என்றான். நான் கேட்டது காசில் இருந்த தமிழ் எழுத்தை.

போன மாசி மகத்துக்குப் பாரீசிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பூட்டிய வீட்டை விற்கிறார்கள். ஒரு தகரப் பெட்டியைத் திண்ணையில் வைத்தாள். திறந்ததும் எனக்கு மூச்சு நின்றது. சைகோன் கடுதாசிகள். ஒரு மூலையும் வெட்டவில்லை. ராமபாணப் பூச்சி இரண்டைத் தின்றிருந்தது, அவ்வளவுதான். என் கையில் முடிகிற விலையைச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, தனக்குத் தமிழ் படிக்க வராது, ஒன்றைப் படித்துக்காட்ட முடியுமா என்றாள். படித்தேன். மாடு கன்று போட்டதா என்று கேட்டிருந்தார், கருவாடு அனுப்பியவர் உப்பைக் குறைத்துப் போடலாம் என்று எழுதியிருந்தார். அந்தப் பெண் சிரித்தாள். விற்கவில்லை. எப்படிப் பாதுகாப்பது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். வெயில் படாமல், செல்லோடேப் ஒட்டாமல், அந்துருண்டை காகிதத்தில் படாமல், உறைக்குள் கடுதாசி அப்படியே இருக்கட்டும் என்று அரை மணி நேரம் சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவளுடைய அப்பா மூன்று கடிதங்களை உறையிலிருந்து பிரித்து, இஸ்திரி போட்டு, லாமினேஷன் செய்து, சுவரில் மாட்டியிருந்தார். கீழே ஒரு சிவப்பு இதயம். நான் ஒரு கும்பிடு போட்டு அனுப்பினேன்.